தானாகச் சரியாகிவிடுமா? – தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் திக்கும் குழந்தைகளும் பேச்சுப் பயிற்சியும்

திக்கல் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அதுவரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த பிள்ளை, இரண்டரை வயதிலோ மூன்று வயதிலோ, ஒரே வாரத்துக்குள் ‘த-த-த-தண்ணி’ என்று தடுமாறத் தொடங்கும். சில பிள்ளைகளுக்கு ஓரிரு நாளிலேயே அப்படி ஆகிவிடும். உடனே வீடு காரணம் தேடும். தெருநாய் துரத்தியது, மாடிப்படியில் விழுந்தது, பிளே ஸ்கூலில் சேர்த்தது, தம்பிப் பாப்பா பிறந்தது, திக்கிப் பேசும் பெரியப்பாவோடு விளையாடியது என்று பட்டியல் நீளும்.

சேலையூரிலோ மேடவாக்கத்திலோ இருக்கும் ஒரு குடும்பத்துக்கு அப்போது மூன்று பக்கங்களிலிருந்து மூன்று பதில்கள் வரும். பாட்டி, “பயந்திருக்கான், மந்திரிச்சு விடு” என்பார். குழந்தை மருத்துவர், “வளர வளரத் தானா சரியாயிடும், கண்டுக்காம விடுங்க” என்பார். பள்ளியில், “ரெண்டு மொழி குழப்பம் பண்ணுது, வீட்லயும் இங்கிலீஷே பேசுங்க” என்பார்கள். மூன்றுமே அக்கறையோடு சொல்லப்படுபவைதான். மருத்துவர் சொல்வதில் கணிசமான உண்மையும் உண்டு. ஆனால் அந்த உண்மை எவ்வளவு தூரம் செல்லுபடியாகும், எந்த இடத்தில் அது குழந்தையின் காலத்தை வீணாக்கத் தொடங்குகிறது என்பதுதான் இந்தத் துறையின் நூற்றாண்டு கால விவாதம்.

எண்ணிக்கையிலிருந்து தொடங்கலாம். இருபது குழந்தைகளில் ஒருவராவது ஏதோ ஒரு கட்டத்தில் திக்குகிறார் என்பது பல நாட்டு ஆய்வுகளின் பொதுவான கணக்கு. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஒரு பெரிய குழந்தைக் கூட்டத்தைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே தொடர்ந்து கவனித்த ஆய்வு 2013இல் வெளியானபோது, நான்கு வயதுக்குள் 11.2 சதவீதம் பேர் திக்கத் தொடங்கியிருந்தார்கள். பெரியவர்களிலோ நூற்றுக்கு ஒருவர், அல்லது அதற்கும் குறைவு. ஆக, திக்கத் தொடங்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் எப்படியோ மீண்டுவிடுகிறார்கள். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் எஹுட் யைரியும் நிக்கோலின் ஆம்ப்ரோஸும் பல்லாண்டு நடத்திய ஆய்வுகளின்படி, முக்கால்வாசிப் பேர் நான்கைந்து ஆண்டுகளுக்குள் இயல்புக்குத் திரும்புகிறார்கள்.

மருத்துவர் சொல்வது இதைத்தான். ஆனால் மெல்போர்ன் ஆய்விலேயே இன்னொரு எண் இருக்கிறது: திக்கத் தொடங்கி 12 மாதங்களுக்குள் மீண்டவர்கள் 6.3 சதவீதம் மட்டுமே. ‘தானாக’ என்பது உண்மையாக இருக்கலாம், ‘சீக்கிரம்’ என்பது உண்மையில்லை. அந்த முக்கால்வாசியில் நம் பிள்ளை சேருமா, மிச்சமுள்ள கால்வாசியில் நிற்குமா என்று மூன்று வயதில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சில சாய்வுகள் மட்டும் தெரியும். ஆண் பிள்ளைக்கு நீடிக்கும் வாய்ப்பு அதிகம். தொடக்கத்தில் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய நெருங்கிய எண்ணிக்கையில் இருக்க, பெரியவர்களில் நான்கு ஆணுக்கு ஒரு பெண் என்ற அளவுக்கு விகிதம் மாறுவது அதனால்தான். குடும்பத்தில் வளர்ந்த பின்பும் திக்குபவர் இருந்தாலும், தாமதமாகத் தொடங்கினாலும், ஓர் ஆண்டைத் தாண்டினாலும் கவலைக்கு இடமுண்டு. அதே மெல்போர்ன் ஆய்வில் பெற்றோருக்கு ஓர் ஆறுதலும் உண்டு: நான்கு வயதில் அந்தக் குழந்தைகளின் மொழித்திறனோ குணமோ மற்றவர்களைவிடக் கீழே இல்லை.

எது திக்கல், எது வயதுக்கேற்ற தடுமாற்றம்? ‘நான் வந்து... நான் வந்து... நான் நாளைக்கு ஊருக்குப் போறேன்’ என்று முழுச் சொல்லையோ தொடரையோ திருப்பிச் சொல்வது எல்லாக் குழந்தைகளும் செய்வது. யோசிப்பது முந்திக்கொள்ள வாய் பின்தங்குகிறது, அவ்வளவுதான். ஒலியை உடைத்து ‘ப-ப-ப-பஸ்’ என்பதும், இழுத்து ‘ஸ்ஸ்ஸ்கூல்’ என்பதும், வாயைத் திறந்தபடி ஒலியே எழாமல் நின்று பிறகு ‘அம்மா’ என்று வெடித்து வருவதும் வேறு. கண்ணை இறுக மூடுவது, காலைத் தரையில் தட்டுவது, கழுத்து நரம்பு புடைப்பது எல்லாம் சேர்ந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. இந்தப் போராட்டத்தைத்தான் கவனிக்க வேண்டும். எண்ணிக்கை அதற்குப் பிறகுதான்.

தமிழில் இதை அளப்பதில் ஒரு தனிச்சிக்கல் உண்டு. ஆங்கிலம் பேசும் சின்னக் குழந்தைகள் ‘தி’, ‘அண்ட்’, ‘ஐ’ போன்ற சிறு துணைச்சொற்களில் அதிகம் தடுமாறுவார்கள், வளர்ந்தவர்கள் பொருள் தாங்கும் சொற்களில் தடுமாறுவார்கள் என்று ஆங்கில ஆய்வுகள் பேசும். தமிழில் அந்தத் துணைச்சொற்களின் வேலையை வேற்றுமை உருபும் விகுதியும் சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு செய்கின்றன. தலையில் நிற்பது பொருள் தாங்கும் வேர். திக்கலோ பெரும்பாலும் சொல்லின் தலையில் வருவது. அதனால் ஆங்கிலக் குழந்தைக்கு இருக்கும் அந்த ‘சின்னச் சொல்’ ஒதுங்கிடம் தமிழ்க் குழந்தைக்குக் குறைவு. நூறு சொற்களுக்கு எத்தனை திக்கல் என்று கணக்கிடுவதும் நமக்கு ஒத்துவராது. ‘வந்துகொண்டிருந்தார்களாம்’ என்பது ஒரு சொல், ஆனால் எட்டு ஒலியசைகள். 1972இல் கிளிண்டன் ரைலி உருவாக்கி இன்று உலகெங்கும் புழங்கும் தீவிர அளவுகோல் ஒலியசைகளைத்தான் எண்ணுகிறது. அதுவரை நல்லது. அதிலுள்ள வாசிப்புப் பகுதிக்கு மட்டும் அந்தந்த மொழியில் அந்தந்த வயதுக்கேற்ற உரை வேண்டும்.

சரளக் குறைபாடு என்றால் திக்கல் மட்டுமல்ல. வேகவேகமாக, எழுத்துகளை விழுங்கி, பாதி வாக்கியத்தில் திசை மாறிப் பேசும் பிள்ளைகள் உண்டு. வீட்டில் ‘அவசரக்காரன்’ என்று பெயர் எடுத்திருப்பார்கள். வியன்னாவிலிருந்து அமெரிக்கா சென்ற டெசோ வைஸ் 1964இல் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். திக்கும் பிள்ளைக்குத் தன் தடை தெரியும், ஆனால் குழறிப் பேசும் பிள்ளைக்குத் தான் குழறுவது பெரும்பாலும் தெரியாது. அதனால் பயிற்சியும் வேறு: தன் பேச்சைத் தானே கேட்கப் பழக்குவதிலிருந்து அது தொடங்கும். நம் பகுதியில் பள்ளிகள் இதை ஒழுங்கீனமாகவே பார்க்கின்றன, அதனால் இந்தப் பிள்ளைகள் பயிற்சியாளரை வந்தடைவதே அரிது.

காரணத்துக்கு வருவோம். பயத்தால் திக்கல் வருவதில்லை. மற்றவரைப் பார்த்துப் பழகியும் வருவதில்லை. ஒத்த இரட்டையரில் ஒருவர் திக்கினால் மற்றவரும் திக்கும் வாய்ப்பு, ஒவ்வா இரட்டையரைவிட மிக அதிகம். 2010இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் டென்னிஸ் டிரைனா குழு, பாகிஸ்தானில் உறவுக்குள்ளேயே மணம் முடிக்கும் குடும்பங்களிலிருந்து தொடங்கி, திக்கலோடு தொடர்புள்ள மூன்று மரபணுக்களைக் கண்டறிந்தது. அவை விளக்குவது மொத்தத்தில் ஒரு சிறு பகுதியைத்தான். பேச்சைத் திட்டமிடும், இயக்கும் மூளைப் பகுதிகளுக்கு இடையிலான இணைப்பிலும் நேர ஒழுங்கிலும் வேறுபாடு இருப்பதை மூளைப் படங்கள் காட்டுகின்றன. பயமும் அவசரமும் களைப்பும் ஏற்கெனவே இருக்கும் திக்கலைக் கூட்டலாம், ஆனால் உண்டாக்குவதில்லை.

‘கண்டுக்காம விடுங்க’ என்ற அறிவுரை எங்கிருந்து வந்தது என்று தேடினால் அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. அங்கே பேராசிரியராக இருந்த வென்டல் ஜான்சன் தானே திக்கிப் பேசியவர். குழந்தையின் இயல்பான தடுமாற்றத்தைப் பெற்றோர் ‘திக்கல்’ என்று முத்திரை குத்திக் கவலைப்படுவதால்தான் அது திக்கலாக முற்றுகிறது என்பது அவர் கொள்கை. அதைச் சோதிக்க 1939இல் அவருடைய மாணவி மேரி டியூடர், டேவன்போர்ட் நகர அனாதை இல்லத்தில் 22 குழந்தைகளை எடுத்துக்கொண்டார். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த சிலரிடமே “உனக்குத் திக்குகிறது” என்று திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. அவர்கள் திக்குபவர்களாக மாறவில்லை என்பதுதான் பிற்காலத்தில் அந்தத் தரவுகளை மறுபடி பார்த்தவர்களின் முடிவு. ஆனால் பேசக் கூசினார்கள், ஒதுங்கினார்கள். 2001இல் இது செய்தியாக வெளிவந்தபின் அயோவா பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது.

வேடிக்கை என்னவென்றால், கொள்கையை நிறுவாத அந்த ஆய்வு பல பத்தாண்டுகள் வெளியே தெரியாமல் கிடக்க, கொள்கை மட்டும் உலகம் சுற்றியது. குழந்தையின் முன்னால் திக்கலைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்பது மருத்துவப் பாடமாகவே ஆனது. பல்லாவரத்து கிளினிக்கில் இன்று கேட்கும் அறிவுரையில் அதன் எச்சம் இருக்கிறது. பெற்றோர் தலையில், குறிப்பாகத் தாய் தலையில், பழியையும் அது சேர்த்தே சுமத்தியது.

அதை உடைத்தது சிட்னி. 1980களில் மார்க் ஆன்ஸ்லோவும் சகாக்களும் உருவாக்கிய முறைக்கு, அந்த நகரின் புறநகர்ப் பகுதியான லிட்கோம்பின் பெயரே அமைந்தது. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கானது. பயிற்சி தருபவர் தாயோ தந்தையோதான். பேச்சுப் பயிற்சியாளர் வாரத்துக்கு ஒரு முறை பெற்றோரைச் சந்தித்து அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார். தினமும் பத்துப் பதினைந்து நிமிடம், குழந்தை திக்காமல் பேசக்கூடிய எளிய விளையாட்டொன்றில் உட்கார்ந்து, தடையில்லாமல் வந்த பேச்சைப் பாராட்ட வேண்டும். அடிக்கடி பாராட்டும், எப்போதாவது மட்டும், கனிவாக, “அதை இன்னொரு தடவை சொல்றியா கண்ணு?” என்ற வேண்டுகோளும்தான் முறை. ஒவ்வொரு நாளும் அன்றைய திக்கலின் தீவிரத்துக்குப் பெற்றோர் ஓர் எண் போட்டுக் குறித்துவர வேண்டும். திக்கல் மறைந்தாலும் நிறுத்திவிடுவதில்லை. சந்திப்புகளின் இடைவெளியை மெல்ல நீட்டி ஓர் ஆண்டுக்கு மேலும் கண்காணிக்கிறார்கள்.

இது பலித்ததா? 2005இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த நியூசிலாந்துச் சோதனையில் 54 குழந்தைகள். ஒன்பது மாதங்களுக்குப் பின், பயிற்சி பெற்றவர்கள் நூறு ஒலியசைக்கு சராசரி 1.5 இடங்களில் திக்கினார்கள், பெறாதவர்கள் 3.9 இடங்களில். இரு பக்கமும் குறைந்திருந்தது, இயற்கை தன் வேலையைச் செய்திருந்தது. அதற்கு மேலும் பயிற்சி கூடுதலாக ஏதோ சேர்த்திருந்தது. ஆனால் 2021இல் காக்ரேன் அமைப்பு ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கான பயிற்சிகளை எல்லாம் அலசியபோது, அதன் தரத்துக்குத் தேறியவை நான்கே சோதனைகள். மொத்தம் 151 குழந்தைகள். நான்கும் லிட்கோம்ப் முறையைக் காத்திருப்போடு ஒப்பிட்டவை. பலன் இருக்கிறது, சான்றின் வலு குறைவு என்பது அதன் தீர்ப்பு. பயிற்சி மையங்களின் விளம்பரப் பலகைகளில் காணும் உறுதியோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இதைவிடச் சுவையான சோதனை நெதர்லாந்தில் நடந்தது. லிட்கோம்புக்கு நேர் எதிரான மரபு ஒன்று உண்டு. அது திக்கலைத் தொடாமல் குழந்தையைச் சுற்றியிருக்கும் அழுத்தத்தைக் குறைக்கும்: பெரியவர்கள் வேகத்தைக் குறைப்பது, கேள்விகளை அடுக்காமல் இருப்பது, பேச முறை வைத்துக்கொள்வது. லண்டனின் மைக்கேல் பாலின் மையம் பெற்றோரும் குழந்தையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, அதைப் பெற்றோரே பார்த்துத் திருத்திக்கொள்ளச் செய்யும் முறையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. 2015இல் வெளியான டச்சுச் சோதனையில் 199 குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். பதினெட்டு மாதங்களுக்குப் பின், லிட்கோம்ப் பக்கம் 76.5 சதவீதமும் மறுபக்கம் 71.4 சதவீதமும் திக்கலிலிருந்து விடுபட்டிருந்தார்கள். புள்ளியியல்படி இது வித்தியாசமே இல்லை.

எதிரெதிர்க் கொள்கைகள் ஒரே இடத்தில் வந்து நின்றால் இரண்டுக்கும் பொதுவானதைத்தான் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டிலும் பெற்றோர் தினமும் குழந்தையோடு சிறிது நேரம் அவசரமில்லாமல் உட்கார்கிறார்கள். இரண்டிலும் பயிற்சியாளர் பெற்றோருக்குத்தான் ஆசிரியர். இரண்டிலும் பேச்சு கவனிக்கப்படுகிறது, குறிக்கப்படுகிறது. நம் புறநகர் மையங்கள் பலவற்றின் நடைமுறை இதற்குத் தலைகீழானது. முக்கால் மணி நேர செஷன், கதவுக்கு உள்ளே பிள்ளையும் தெரபிஸ்டும், வெளியே நாற்காலியில் போனோடு அம்மா. பத்து செஷன், இருபது செஷன் என்று பேக்கேஜ். பேச்சே வராத பிள்ளைக்கும் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கும் அமைத்த அட்டவணையில் திக்கும் பிள்ளையும் ஓர் இடத்தில் செருகப்படுகிறான். உள்ளே சரளமாகப் பேசிவிட்டு, வாசலில் செருப்புப் போடும்போதே திக்குகிறான். தெரபிஸ்டின் திறமையில் குறையில்லை. பேச்சு நடக்கும் இடம் வீடு என்பதைத்தான் அந்த ஏற்பாடு மறந்துவிடுகிறது.

வீட்டிலும் அந்தக் கால் மணி நேரம் எளிதில் கிடைத்துவிடாது. சிறுசேரியிலிருந்தோ கிண்டியிலிருந்தோ அப்பா வீடு வந்து சேரும்போது பிள்ளை தூங்கியிருக்கும். சானடோரியம் மெப்ஸ் வளாகத்தில் ஷிப்ட் பார்க்கும் அம்மாவுக்கு நேரம் வாரத்துக்கு வாரம் மாறும். பல வீடுகளில் பகல் முழுதும் பிள்ளையோடு இருப்பவர் தாத்தா பாட்டிதான். ஆனால் அவர்களை மையத்துக்கு யாரும் அழைப்பதில்லை. இன்னொரு தடையும் உண்டு: நாம் திருத்தக் கற்றவர்கள், பாராட்டக் கூச்சப்படுபவர்கள். “மெதுவாப் பேசு”, “மூச்சை இழுத்து விட்டுட்டுச் சொல்லு”, “யோசிச்சுப் பேசு” என்று ஒரு பிள்ளை நாளொன்றுக்கு எத்தனை முறை கேட்கிறது! “அழகாச் சொன்னியே” என்று அதைப் போல ஐந்து மடங்கு வர வேண்டும் என்று சொன்னால், “தலையில ஏத்தாதீங்க” என்று ஒரு குரல் சமையலறையிலிருந்து எழும். சிட்னியின் முறையைத் தமிழ் வீட்டுக்குக் கொண்டுவருவதில் உண்மையான வேலை அங்கேதான் இருக்கிறது.

பயிற்சிக்கு எங்கே போவது? தாம்பரத்துக்காரருக்கு இதில் அதிர்ஷ்டம் உண்டு. மின்சார ரயிலில் தெற்கே போனால் பொத்தேரி நிலையத்தை ஒட்டியே காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம். மருத்துவக் கல்லூரி, அங்கே பேச்சு–செவித்திறன் துறை. வடக்கே பூங்கா நிலையத்தில் இறங்கினால் எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. போரூரில் ஸ்ரீராமச்சந்திரா. முட்டுக்காட்டில் 2005இல் ஏற்படுத்தப்பட்ட ஒன்றிய அரசின் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம். மாநில அரசு உலக வங்கி உதவியுடன் நடத்தும் ‘உரிமைகள்’ திட்டத்தின் ‘விழுதுகள்’ மையங்களிலும், சோழிங்கநல்லூர் உட்பட, பேச்சுப் பயிற்சி ஒரு சேவை. கல்லூரி மருத்துவமனைகளில் கட்டணம் குறைவு. ஆனால் பயிற்சி மாணவர்கள் சுழற்சியில் மாறுவார்கள், ஒரு பிள்ளை ஓர் ஆண்டில் பல முகங்களைப் பார்க்க நேரும்.

தனியார் மையமானால் ஒன்றைக் கேட்டுப் பார்க்கலாம்: பயிற்சியாளரின் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு எண். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பதிவில்லாமல் இந்தத் தொழிலைச் செய்யக் கூடாது. இதற்கான நான்காண்டுப் பட்டப்படிப்பில் கடைசி ஆண்டு நேரடிப் பயிற்சிதான். இந்தத் துறைக்கு இந்தியாவில் அடித்தளம் போட்டது 1965இல் நிறுவப்பட்ட மைசூர் அகில இந்தியப் பேச்சு–செவித்திறன் நிறுவனம். ஊரெல்லாம் தெரபிஸ்ட் என்று பலகை மாட்டியிருக்கும் காலத்தில் அந்தப் பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவாகாது.

கூடவே, இணைய வழி. வெப்கேம் மூலம் லிட்கோம்ப் பயிற்சி பெற்ற குழந்தைகள் நேரில் வந்தவர்களுக்குச் சளைக்கவில்லை என்று ஆஸ்திரேலியச் சோதனை காட்டியது. பெற்றோருக்குத்தானே பாடம், அது கேமராவில் நடந்தால் என்ன? கூடுவாஞ்சேரியிலிருந்து வேளச்சேரி நெரிசலில் ஊர்ந்து போகும் குடும்பங்களுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. மையங்களுக்கு மட்டும் ஏனோ இதில் ஆர்வம் குறைவு.

மொழிக் குழப்பம் என்ற வாதத்துக்கு வருவோம். தென்சென்னைப் புறநகரில் ஒரே மொழிக் குழந்தை அபூர்வம். வீட்டில் தமிழ் அல்லது தெலுங்கு, பள்ளியில் ஆங்கிலம், விமானப்படைக் குடியிருப்புப் பக்கம் இந்தி, பக்கத்து வீட்டில் மலையாளம். 2009இல் லண்டனில் பீட்டர் ஹோவல் குழு வெளியிட்ட ஒரு கட்டுரை, இரண்டாம் மொழியைத் தள்ளிப்போட்டால் திக்கல் குறையக்கூடும் என்ற எண்ணத்துக்கு இடம் கொடுத்தது. அதன் முறையியலை மற்ற ஆய்வாளர்கள் உடனடியாகக் கேள்விக்குள்ளாக்கினார்கள். பிறகு அமெரிக்காவில் ஸ்பானியமும் ஆங்கிலமும் பேசும் குழந்தைகளைப் பார்த்தபோது, திக்கலே இல்லாத இருமொழிக் குழந்தைகள் இயல்பான தடுமாற்றத்தாலேயே திக்குபவர்களாகத் தவறாகக் கணிக்கப்படும் ஆபத்து வெளிப்பட்டது. ஒரு மொழியை, அதுவும் தாத்தா பாட்டியோடு பேசும் மொழியை, மூன்று வயதில் பிடுங்கிவிடுவதற்கு இந்த அளவு சான்று போதாது. நாற்பது பிள்ளைகளைச் சமாளிக்கும் பள்ளிக்கு அது வசதியாக இருக்கலாம், வீட்டுக்கு நல்லதில்லை.

நாட்டு வைத்தியத்தில் வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவுவது உண்டு. சீர்காழி அருகே திருக்கோலக்காவில் ஓசை கொடுத்த நாயகியிடம் பேச்சு வராத பிள்ளைகளைக் கூட்டிப்போகிறார்கள். ஐந்து வயதுவரை பேசாதிருந்த குமரகுருபரர் திருச்செந்தூரில் பேசினார் என்ற கதை தெரியாத தமிழ் வீடு குறைவு. வேண்டுதலால் பிள்ளைக்குக் கெடுதல் ஒன்றுமில்லை. பயணமாவது மிஞ்சும். கவலைப்பட வேண்டியது கத்தியைப் பார்த்துத்தான். 1841இல் பெர்லினில் டீஃபன்பாக் என்ற அறுவை மருத்துவர் திக்குபவர்களின் நாக்கு வேரில் ஆப்பு வடிவில் தசையை வெட்டியெடுத்தார், மயக்க மருந்தில்லாமல். அந்த முறை வெகு சீக்கிரம் கைவிடப்பட்டது. ‘நாக்கு ஒட்டியிருக்கிறது, வெட்டினால் திக்கல் போகும்’ என்ற நம்பிக்கை மட்டும் இன்னும் போகவில்லை. நாக்குக் கட்டுக்கும் திக்கலுக்கும் தொடர்பில்லை.

ஏழெட்டு வயதைத் தாண்டிவிட்டால் ஆட்டம் மாறுகிறது. தானாக மீளும் வாய்ப்பு மெலிகிறது. அப்போது பிள்ளைக்குத் திக்கல் மட்டுமில்லை, திக்கலைப் பற்றிய பயமும் சேர்ந்திருக்கிறது. தடுக்கும் சொல்லைத் தவிர்க்க வேறு சொல்லைப் போடும், ‘வந்து... அதாவது...’ என்று ஒட்டுப்போடும், பதில் தெரிந்தும் தெரியாது என்று சொல்லும். மாற்றிச் சொல்ல முடியாத ஒரே சொல் தன் பெயர். அதனால்தான் பெயர் சொல்லும் இடத்தில் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். இந்த வயதில் முழுச் சரளத்தை வாக்களிக்கும் எந்த மையத்தையும் சந்தேகிக்கலாம். மெல்ல இழுத்துப் பேசுவது, மூச்சோட்டத்தோடு ஒலியைத் தளர்வாகத் தொடங்குவது ஆகியவை அறைக்குள் அற்புதமாக வேலை செய்யும். வெளியே வந்ததும் அப்படிப் பேசப் பிள்ளைக்கே வெட்கமாக இருக்கும்.

அமெரிக்காவில் சார்ல்ஸ் வான் ரைப்பர், அவரும் திக்கிப் பேசியவர், இதற்கு வேறு வழி சொன்னார்: திக்காமல் இருக்கப் பாடுபடாதே, இறுக்கமில்லாமல் திக்கக் கற்றுக்கொள். தடை வந்த சொல்லை முடித்தபின் ஒரு கணம் நின்று, அதையே தளர்வாக மறுபடி சொல்வது. பிறகு தடையின் நடுவிலேயே தளர்த்தி வெளியே வருவது. அதன்பின் தடை வருமுன்னே தயாராவது. வேண்டுமென்றே திக்கிப் பழகுவதும் இதில் உண்டு. பயத்தை அதைவிட வேகமாகக் கரைக்கும் பயிற்சி இல்லை. பெற்றோருக்கு இது விளங்குவதில்லை, “காசு கொடுத்துத் திக்கக் கத்துக்கணுமா?” என்பார்கள். பெரியவர்களுக்கான சுயஉதவி அமைப்பான இந்தியத் திக்குவாய்ச் சங்கம் இந்த மனப்பான்மையைத்தான் நாட்டில் பல நகரங்களுக்குக் கொண்டுபோனது. ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் திக்கிப் பேசியபடியே 1957இல் கேரள முதல்வரானார். எப்போதுமே திக்குவீர்களா என்று கேட்டவரிடம், பேசும்போது மட்டும்தான் என்று அவர் பதில் சொன்னதாக ஒரு கதை உலவுகிறது.

பள்ளிக்கு இதில் இருக்கும் பங்கை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம். சேர்ந்து சொன்னால் திக்கல் ஏறக்குறைய மறைந்துவிடும். காலைக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்தைத் தடையில்லாமல் பாடும் பிள்ளை, வருகைப் பதிவில் “உள்ளேன் ஐயா” சொல்ல முடியாமல் நிற்பதைப் பார்த்து ‘நடிக்கிறான்’ என்று நினைக்கும் ஆசிரியர்கள் உண்டு. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்புகளில் பாட்டும் கூட்டு வாசிப்பும் நிறைய இருப்பது திக்கும் பிள்ளைக்குத் தற்செயலாகக் கிடைத்த வரம். அதே காலத்தில் வாசிப்பை நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று அளக்கும் வழக்கமும் வந்துவிட்டது. ஒன்றிய அரசின் நிபுண் பாரத் திட்டம் மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொற்களை இலக்காக வைக்கிறது. 2022இல் நாடு முழுதும் நடந்த அடிப்படைக் கற்றல் ஆய்விலும் வாய்விட்டு வாசிக்கும் வேகம் அளக்கப்பட்டது. மனத்துக்குள் மளமளவென்று படித்துப் பொருளும் சொல்லக்கூடிய ஒரு பிள்ளை, ‘க’வில் ஆறு நொடி நின்றதால் வாசிக்கத் தெரியாதவன் ஆகிவிடுகிறான். கடிகாரத்தை விட்டுவிட்டுப் பொருளைக் கேட்டால் போதும். அதற்கு ஆணையோ நிதியோ வேண்டியதில்லை.

சட்டமோ இந்தப் பிள்ளையைப் பார்ப்பதே இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் பேச்சு–மொழிக் குறைபாடும் உண்டு. ஆனால் அது தரும் விளக்கம் குரல்வளை அகற்றப்பட்டவர்களையும் பக்கவாதத்தால் மொழி இழந்தவர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது: உறுப்பு அல்லது நரம்பு சார்ந்த காரணத்தால் வந்த நிரந்தரக் குறைபாடு. குழந்தைப் பருவத் திக்கல் நரம்பு சார்ந்தது என்று மூளைப் படங்கள் சொன்னாலும், சான்றிதழ் மேசையில் அது எடுபடுவது கடினம். சான்றிதழ் இல்லையென்றால் வாய்மொழித் தேர்வில் கூடுதல் நேரம் கேட்க ஆதாரமும் இல்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு ‘மாற்றுத்திறனாளி’ என்ற அடையாளம் வேண்டுமா என்பது வேறு கேள்வி. வேண்டாம் என்பவர்களே திக்குபவர்களில் அதிகம். தேர்வறைச் சலுகையை அந்த அடையாளத்திலிருந்து பிரித்துக் கொடுக்க ஏன் முடியாது என்று கல்வித்துறையை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

மிகவும் வீணாகும் வாய்ப்பு இதற்கெல்லாம் முந்தைய ஒன்று. 2013 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரு முறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒரு முறையும் வர வேண்டும். அவர்கள் தேடும் குறைபாடுகளின் பட்டியலில் காது கேளாமை உண்டு, மொழித் தாமதம் உண்டு, கற்றல் குறைபாடு உண்டு. திக்கல் இல்லை. மூன்று வயதில் வாய் ஓயாமல் பேசும், நடுவே திணறும் பிள்ளைக்கு மொழித் தாமதம் எதுவும் கிடையாது, அதனால் பட்டியலைக் கையில் வைத்திருப்பவர் அவனைத் தாண்டிப் போய்விடுகிறார். அந்தக் குழு பிள்ளைகளை அனுப்பிவைக்கும் மாவட்ட மையங்களின் பணியிட வரையறையில் பேச்சுப் பயிற்சியாளர் ஏற்கெனவே இருக்கிறார். சிட்லபாக்கத்திலோ பெருங்களத்தூரிலோ உள்ள அங்கன்வாடியில் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: ‘ஆறு மாதத்துக்கு மேலாகத் திக்குகிறானா?’ ஆமென்றால் அனுப்ப வேண்டியது பிள்ளையோடு அம்மாவை மட்டுமில்லை, பகலில் அவனைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியையும் சேர்த்து.